கூட வந்தவள்

அருள்மொழி கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. கிராம சுகாதார செவிலியர் வேலை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊர். வீட்டுக்கு எதிரிலேயே கிறிஸ்தவக் கோயில், தினமும் அதன் மணிச்சத்தத்தில்தான் கண் விழிப்பாள். ஆராதனையில் பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில் பன்னிரண்டு வயதிலிருந்து நின்றவள். அப்படிப்பட்டவளை மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஏற்றிய பஸ், எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி, குடலைப் பிரட்டி, மேலே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் இறக்கிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் வாந்தி எடுத்த கவர். அழுகை வருகிற நிலையில் நின்றாள்.

"நீதான அருள்மொழி? கவரை அங்கிட்டுத் தூக்கிப் போடு. பெட்டியக் குடு. நான் மோனிஷா, உன் பக்கத்து போர்ஷன்."

மோனிஷாவும் செவிலியர்தான், பக்கத்துக் கிராமங்கள் அவள் பொறுப்பில். சேலம் டவுன்காரி. இரண்டு வயது மூத்தவள். அன்று சுடச்சுட மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள், தன் கம்பளியைக் கொடுத்தாள், கேஸ் அடுப்பு பற்றவைக்கப் படாதபாடு பட்டவளுக்குத் தானே பற்றவைத்தும் கொடுத்தாள். அவள் வீட்டுச் சுவரில் பைபிள் வசனக் காலண்டர் தொங்குவதைப் பார்த்ததும் அருள்மொழிக்கு உயிர் வந்தது. "அம்மா, பக்கத்துலயே நம்ம ஆள் இருக்காங்க. கவலப்படாத" என்று போனில் சொன்னாள். அம்மாவும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மலையில் கிறிஸ்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எல்லோரும் கீழிருந்து வேலைக்கு வந்தவர்கள். கோயில் என்றால் பஸ் பிடித்துப் போக வேண்டும். அதனால் சுகாதார நிலையத்தின் துப்புரவுப் பணியாளர் ராஜாமணியின் ஒற்றை அறை வீட்டில் ஞாயிறு காலை நான்கைந்து பேர் கூடி ஜெபிப்பார்கள். பள்ளி ஆசிரியர் தமிழ்செல்வன், அவர் மனைவி அருணா, ராஜாமணி, எப்போதாவது வருகிற ஒன்றிரண்டு பேர். ராஜாமணி ராசிபுரம் பக்கத்துக்காரி. அருள்மொழியைவிட நான்கு வயதுதான் கூடுதல் இருக்கும். புருஷன் விட்டுப் போய் நாளாகிறது. சுருதி என்பது அவளுக்கும் அவள் குரலுக்கும் தெரியாத சமாசாரம். ஜெபிக்க ஆரம்பித்தால் வார்டில் படுத்திருக்கிற ஒவ்வொருவர் பெயரையும், வியாதியையும், ஊரையும் சொல்லித்தான் முடிப்பாள். முழங்கால் மரத்துப்போகும்.

அருள்மொழி இரண்டு ஞாயிறு போனாள். இரண்டாவது ஞாயிறு மத்தியானம், மோனிஷா தலையில் முட்டாக்குப் போட்டுக்கொண்டு கண்ணை இறுக்க மூடி, "ஆண்டவரே, மூணாம் நம்பர் பெட்டு பழனியம்மாளோட மூட்டுவலியைப் பாருங்க சாமி, நாலாம் நம்பர் பெட்டோட வயித்துப்போக்கைப் பாருங்க சாமி" என்று ராஜாமணி குரலிலேயே ஜெபித்துக் காட்டினாள். அருள்மொழி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் உள்ளே எங்கோ சுருக்கென்றது. ஆனால் மூன்றாவது ஞாயிறு போய் உட்கார்ந்தால் ஜெபம் காதில் விழாது, மோனிஷாவின் நடிப்புத்தான் விழும் என்று தெரிந்தது. போகவில்லை.

"போன்ல ஆராதனை பாத்துக்கலாம் அருள். தரமா இருக்கும்" என்றாள் மோனிஷா. இரண்டு வாரம் பார்த்தார்கள். பிறகு அருவிக்குப் போனார்கள், பிறகு சினிமா பார்த்தார்கள். ராஜாமணி திங்கட்கிழமைகளில் வராந்தாவைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க சிஸ்டர், நேத்து உங்களத் தேடுனோமுங்க" என்பாள். அருள்மொழி ஏதோ சாக்குச் சொல்வாள். நாளடைவில் அவள் வருகிற வராந்தாவைத் தவிர்த்துப் பின்வழியாகப் போகப் பழகினாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மோனிஷா கெட்டவள் இல்லை. அருள்மொழிக்குக் காய்ச்சல் கண்ட நான்கு நாளும் தலைமாட்டிலேயே கிடந்தவள். அவளோடு இருந்தால் மலையின் குளிரும் தனிமையும் தெரியாது. அவள் எதையும் பெரிதுபடுத்த மாட்டாள், எதற்கும் கலங்க மாட்டாள். சீக்கிரமே அருள்மொழிக்கும் எதையும் பெரிதாக எண்ணாமல் இருக்க வந்துவிட்டது.

கர்ப்பிணிகளை மாதாமாதம் போய்ப் பார்த்து எழுதுகிற பதிவேட்டு விஷயமும் அப்படித்தான் வந்தது. அருள்மொழியின் பொறுப்பில் இருந்த ஊர்களில் பாறைக்காட்டுப்பட்டிதான் கடைசி. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் மரவள்ளிக் காடுகளுக்கும் மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கும் நடுவே நடக்க வேண்டும். மழையென்றால் ஓடையைக் கடக்க முடியாது. முதல் மழைக்காலத்தில் அவள் நனைந்து திரும்பி வந்து உட்கார்ந்தபோது மோனிஷா சொன்னாள்:

"எதுக்கு இந்தப் பாடு? போன் பண்ணி நல்லா இருக்கீங்களான்னு கேளு. நல்லா இருக்கேன்னா நூத்துப்பத்துக்கு எழுபதுன்னு பிரஷர் போட்டுக்க. எடை ஒரு கிலோ கூட்டிக்க. நான் மூணு வருஷமா பண்றேன், யாருக்கு என்ன ஆயிருச்சு?"

முதல்முறை எழுதும்போது அருள்மொழி கதவைச் சாத்திக்கொண்டாள். எழுதிவிட்டு ஜெபிக்கக்கூட உட்கார்ந்தாள், வார்த்தை வரவில்லை. இரண்டாம் முறை கதவைச் சாத்தவில்லை. ஐந்தாம் முறை டீ குடித்துக்கொண்டே எழுதினாள்.

பாறைக்காட்டுப்பட்டியில் கவிதா என்ற பெண்ணுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம். புருஷன் மணிவண்ணன், மாமியார் மாதம்மாள். இரண்டு ஏக்கர் மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் வைத்துப் பிழைக்கிற குடும்பம். ஒரு செவ்வாய்க்கிழமை போனில் கேட்டபோது கவிதா சொன்னாள்:

"கால் கொஞ்சம் வீங்கியிருக்குதுங்க. நேத்துலருந்து தலைவலிங்க. கண்ணு கூட மங்கலா இருக்குதுங்க."

அருள்மொழி போனைக் கையால் பொத்திக்கொண்டு மோனிஷாவைப் பார்த்தாள். "அக்கா, கண்ணு மங்கலா இருக்காம். போய்ப் பாத்துட்டு வந்துரவா?"

"எட்டாம் மாசம் எவளுக்குக் கால் வீங்கல? வெயில்ல கெழங்கு புடுங்கியிருப்பா, தலை வலிக்கும். வியாழக்கிழமை என் பொறந்தநாளு, ஞாபகம் இருக்கில்ல? வெள்ளிக்கிழமை போய்க்க."

படித்த படிப்பு அவளுக்குள் எழுந்து நின்று கத்தியது. கால் வீக்கம், தலைவலி, கண் மங்கல், இந்த மூன்றும் சேர்ந்தால் ரத்தக்கொதிப்பு, அடுத்து வலிப்பு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். ஆனாலும், "நல்லா ரெஸ்ட் எடும்மா, வெள்ளிக்கிழமை வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பதிவேட்டில் நூற்றுப்பத்துக்கு எழுபது என்று எழுதினாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கவிதாவுக்கு வலிப்பு வந்தது. மணிவண்ணனும் அக்கம்பக்கத்தாரும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி ஓடிவந்து, ஒரு டெம்போவில் போட்டு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நேரம் அருள்மொழியும் மோனிஷாவும் வியூ பாயிண்டில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சுந்தரராஜன் ஊசி போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினார். வலிப்பில் முறுக்கிக்கொள்கிற உடம்பைப் பிடித்துக்கொள்ள வண்டியில் இன்னொரு ஆள் தேவைப்பட்டது. கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ராஜாமணி ஏறிக்கொண்டாள்.

எழுபது வளைவு. நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரி. கவிதா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாதம்மாள் ஒரு வெள்ளைத்துணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தாள். கூட ராஜாமணி. காட்டோரத்தில் அடக்கம் செய்தார்கள்.

அன்று சாயங்காலம் மோனிஷா அருள்மொழியின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அழாம கேளு. திங்கக்கிழமை மாவட்டத்துலருந்து விசாரணைக்கு வர்றாங்க. பதிவேட்ல நீ எழுதியிருக்க. ஆனா கர்ப்பிணி அட்டை அவங்க வீட்லயே கெடக்குது, அதுல மூணு மாசமா ஒண்ணும் இல்ல. நாளைக்குத் துக்கம் விசாரிக்கிற மாதிரி போ. அட்டையை வாங்கி அங்கயே உக்காந்து எழுதிரு. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது."

"அக்கா, அந்தப் புள்ள செத்துப்போச்சுக்கா."

"போன உசுரு திரும்ப வருமா? உன் வேலை போனா அது மட்டும் திரும்ப வருமா? உங்கப்பாவுக்கு மருந்து யாரு வாங்குவா? ஆண்டவர் மன்னிக்கிறவரு அருள். கவர்மெண்ட் மன்னிக்காது."

சொல்லிவிட்டு அருள்மொழியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மோனிஷா ஜெபித்தாள். இந்த மலைக்கு வந்து அவர்கள் சேர்ந்து ஜெபிப்பது அதுதான் முதல்முறை. நல்ல கம்பீரமான குரல் அவளுக்கு. "கர்த்தாவே, உம்முடைய பிள்ளையை வெட்கப்பட விடாதேயும். சத்துருவின் கண்ணுக்கு அவளை மறைத்துக்கொள்ளும்."

சத்துரு என்ற சொல்லில் அருள்மொழி கண்ணைத் திறந்துவிட்டாள். யார் சத்துரு? கண் மங்கலாக இருக்கிறதென்று சொன்ன கவிதாவா? மடியில் பொட்டலத்தோடு வந்த மாதம்மாளா? அவர்கள் கண்ணுக்கா தன்னை மறைக்கச் சொல்லி ஆண்டவரிடம் கேட்பது? மோனிஷா ஆமென் சொல்லி நிமிர்ந்தாள். அருள்மொழிக்கு ஆமென் வரவில்லை. மோனிஷா அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அருள்மொழி பையில் பேனாவோடு பஸ் ஏறினாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுதப்போகிறோம் என்றுதான் நினைத்தாள். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால், முன்வாசலில் இறங்கி நிற்கிறாள் ராஜாமணி. கையில் ஒரு துணிமூட்டை.

"சிஸ்டர்! நீங்களும் அங்கதானுங்களா? கவிதா துணிமணியெல்லாம் ரத்தமா இருந்துச்சுங்க. அலசிக் காயவச்சுக் கொண்டுபோறேனுங்க."

இருவரும் நடந்தார்கள். ராஜாமணி ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓடைக்கரை வந்ததும் அருள்மொழியால் மேலே நடக்க முடியவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் எல்லாவற்றையும் கொட்டினாள். போனில் கேட்டது, எழுதியது, கேக் வெட்டியது, பையில் இருக்கிற பேனா. ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜாமணியைப் பார்த்துச் சிரித்ததையும் விடவில்லை.

ராஜாமணி மூட்டையை இறக்கி வைத்தாள். அவள் முகம் இறுகிப்போனது. அருள்மொழி அவளிடம் அதுவரை கண்டிராத கோபம் அது.

"அந்தப் புள்ளய நான் கையில வாங்குனேனுங்க சிஸ்டர்" என்றாள். "இப்ப உங்க மூஞ்சியப் பாக்க எனக்கு முடியலீங்க."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டாள். பாதி ஓடையில் நின்றாள். தண்ணீர் கணுக்காலைச் சுற்றி ஓடியது. திரும்பி வந்தாள். பாறையில் அருள்மொழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இருவரும் அழுதார்கள்.

"என்ன சொல்றதுன்னு தெரியலீங்க. நான் படிக்காதவ. வேலை போகாதுன்னெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. போனாலும் போகுமுங்க. ஆனா மாதம்மாகிட்டச் சொல்லாம திங்கக்கிழமை ஆபீசர்கிட்ட மட்டும் சொல்றது சரியில்லீங்க. மொதல்ல அவங்ககிட்ட. எந்திரீங்க, நான் கூட வாரேன்."

மாதம்மாள் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். துக்க வீட்டிலும் மிளகு காய வேண்டுமே. அருள்மொழியைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வா கண்ணு. நீ பாத்துப் பாத்துக் கேட்ட புள்ள இப்படி ஆயிருச்சே சாமி." கேட்பதற்கு முன்பே உள்ளே போய் அட்டையை எடுத்துவந்து நீட்டினாள். "ஆஸ்பத்திரில கேட்டாங்களாம். உன்கிட்டயே இருக்கட்டும்."

அருள்மொழி பிரித்தாள். கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவள் அட்டையைத் திரும்ப மாதம்மாள் கையிலேயே வைத்து, மண்ணில் முழங்காலிட்டுச் சொன்னாள். "நான் வரவே இல்லங்கம்மா. மூணு மாசமா வரல. வந்ததா பொய் எழுதினேன். கால் வீங்கியிருக்கு, கண்ணு மங்கலா இருக்குன்னு கவிதா சொன்னப்பவே நான் ஓடி வந்திருக்கணும். வந்திருந்தா புள்ள பொழச்சிருக்கலாம்."

மாதம்மாளுக்கு முதலில் புரியவில்லை. ராஜாமணியைப் பார்த்தாள். ராஜாமணி தலையை ஆட்டினாள். மாதம்மாள் அட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கினாள்.

"போன்ல சொன்னா பாத்த மாதிரி ஆகுமான்னு கவிதா கேட்டா. நர்சம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான்தான் அவ வாயை அடைச்சேன்." வழியைக் கை காட்டினாள். "போயிருங்க. ரெண்டு பேரும் போயிருங்க."

ராஜாமணி துணிமூட்டையை வாசலில் வைத்தாள். அருள்மொழி எழுந்து நடந்தாள். ஓடைவரை ராஜாமணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அன்று மாலையே மோனிஷாவிடம் சொன்னாள். மோனிஷா அதிர்ந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். "பைத்தியமா நீ? உன்னோட போகுமா இது? என் பதிவேட்டையும் எடுப்பாங்க."

"நான் செஞ்சதை மட்டும்தான் சொல்வேன்க்கா. ஆனா பொய் சொல்ல மாட்டேன்."

"அந்தத் தொடப்பக்கட்டைதான் உன்னைக் கெடுத்துட்டா."

அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் நடுவே இருந்த கதவு திறக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. அவள் ராஜாமணி வீட்டுக்குப் போய், ஆசிரியர் தம்பதியிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். தமிழ்செல்வன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருணா நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் உபதேசம் செய்யவில்லை, போகட்டும் விடு என்றும் சொல்லவில்லை. கவிதாவுக்காக, மணிவண்ணனுக்காக, மாதம்மாளுக்காக, அருள்மொழிக்காக என்று பெயர் சொல்லி ஜெபித்தார்கள். தன் பெயர் கவிதாவின் பெயருக்குப் பக்கத்தில் வந்தது அருள்மொழிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஆமென் என்று சொல்லும்போது அவள் குரல்தான் கடைசியாக வந்தது.

திங்கட்கிழமை விசாரணைக்கு வந்த அதிகாரி பானுமதி என்பவர். அருள்மொழியின் வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். "இப்படி எழுத யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"எழுதினது என் கைதான் மேடம்."

"பக்கத்து ஏரியாவுலயும் இப்படித்தானா?"

"அவங்களையே கேளுங்க மேடம்."

வெளியே வராந்தாவில், துடைத்த தரையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள் ராஜாமணி.

அருள்மொழியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். மோனிஷாவுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள், "வந்துரும்மா, இங்க யாருக்கும் தெரியாது." அதனாலேயே அவள் போகவில்லை. போர்ஷனைக் காலிசெய்து ராஜாமணியின் அறையில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டாள். ராஜாமணியோடு இருப்பது ஒன்றும் சுலபமாக இல்லை. விடிவதற்குள் எழுப்பிவிடுவாள். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டாள். சாப்பாட்டில் உப்பு அதிகம். ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்போது அருள்மொழியால் தன்னிடமே பொய் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

கவிதா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு, இருவரும் பாறைக்காட்டுப்பட்டிக்குப் போனார்கள். முதல்முறை மணிவண்ணன் வழியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டான். இரண்டாம் முறை அவன் காட்டிலிருந்தான். கவிதா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தாள். அருள்மொழி வாசலிலேயே நின்றாள். சுவரைப் பார்த்தபடியே கவிதா சொன்னாள்:

"என் புள்ளைய நான் பாக்கவே இல்லீங்க. யாரும் சொல்லவும் மாட்டேங்கறாங்க."

ராஜாமணி உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "நான் பாத்தேன் கண்ணு. பொட்டப்புள்ள. தலை நெறைய முடி. மூக்கு உன்னதுதான். தொடச்சு, துணி சுத்தி, நெஞ்சோட வச்சுக்கிட்டிருந்தேன். தனியா விடல."

கவிதா திரும்பி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அருள்மொழியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டும் என்று கேட்கிற உரிமை தனக்கில்லை என்று அருள்மொழிக்குத் தெரிந்திருந்தது. மாதம்மாள் மட்டும் கிளம்பும்போது ஒரு சொம்பு தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஐந்து மாதம் கழித்து மோனிஷா யார் யாரையோ பிடித்துக் கீழே சமவெளிக்கு மாற்றல் வாங்கிவிட்டாள். போகிற அன்று காலையில் பெட்டிகள் வாசலில் கிடந்தன. தூக்க ஆளில்லை. அருள்மொழி போய் ஒன்றைத் தூக்கினாள். மோனிஷா தடுக்கவில்லை. பஸ் வரும்வரை இருவரும் நின்றார்கள்.

"என்கூட வந்துரு அருள்" என்றாள் மோனிஷா திடீரென்று. கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு. உன் கேஸையும் முடிச்சுக் குடுப்பாரு. இந்தக் காட்டுல, இவங்களோட, என்ன வாழ்க்கை இது? உனக்கு நான் ஒரு நாளும் கெட்டது நெனைச்சதில்லடி."

"தெரியும்க்கா." அருள்மொழிக்கும் கண் நிறைந்தது. உண்மையாகவே அவளைப் பிடித்திருந்தது, இப்போதும். "ஆனா உங்ககூட இருந்தா எனக்கு எல்லாமே லேசாயிருதுக்கா. அதுதான் எனக்குப் பயம். நான் வரல."

மோனிஷா அவள் முகத்தையே பார்த்தாள். பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பெட்டியை வாங்கும்போது அருள்மொழியின் விரல்களை ஒரு கணம் இறுகப் பற்றி விட்டாள்.

பஸ் திரும்பி மறைந்தது. எதிர்ப்புறத்திலிருந்து ஆசிரியரின் மனைவி அருணா வந்தாள். அன்று கவிதாவைப் பார்க்கப் பாறைக்காட்டுப்பட்டிக்குப் போகிற நாள். ராஜாமணி அந்த ஊர் பஸ் நிற்கிற இடத்துக்கு முன்னாலேயே நடக்கத் தொடங்கியிருந்தாள். அருள்மொழி செருப்பைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்து அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.